இரண்டாவது மீட்டர்

போர் முடிந்த வருடம், கல்குடாவில் சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடொன்றில், இரண்டாவது மீட்டர் கேட்ட விண்ணப்பத்தை விசாரிக்க வந்த மின்சார உத்தியோகத்தர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் என்ன சமைச்சாலும் இவவுக்குக் குறைதான், சேர்! இனி ஒரே அடுப்பில ஏலாது!” என்று கத்தினாள் கோகிலா.

“அப்ப தனியாப் போ!” என்றார் மாமியார் இராசம்மா.

சமாதானம் பேசிக் களைத்த உத்தியோகத்தர், இரண்டு குடும்பம் என்று எழுதி, தனி மீட்டருக்குக் கையெழுத்திட்டுப் போனார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்ததும் மாமி விழுந்து விழுந்து சிரித்தார். “மாசம் அறுபது யூனிட்டைத் தாண்டினாத்தானே ரேட் ஏறும்? இனி ரெண்டு மீட்டரிலயும் தாண்டாது. பயமில்லாம ஃபேனைப் போடு, மகள். என்னமா நடிச்சாய்! உண்மை மாதிரியே இருந்திச்சு.”

ஐந்து வருடமாக மனதில் கிடந்ததை இன்றுதான் வாய்விட்டுச் சொன்ன கோகிலா, ஃபேனைப் போட்டாள்.