கருகல் வாசனை

“எல்லாம் சாம்பலாயிடுச்சா?” என்று திரௌபதி மூச்சு வாங்கக் கேட்டாள். குழிக்குள் கிடந்ததைக் குச்சியால் ஒரு தரம் கிளறிப் பார்த்துவிட்டு, அவள் புருஷன் பலராமன் தலையாட்டினான். உப்பளத்து வரப்பு மேல் ஜீப் சத்தம் கேட்டது.

இருவருமாக அவசர அவசரமாக மண்ணைத் தள்ளி மூடினார்கள். உள்ளே எரிந்து கிடந்தவை, காலையில் வலையில் வந்தவற்றில் பதினோரு விலாங்கு மீன்கள். அத்தனையும் சீக்கு. உடம்பெல்லாம் சிவப்புப் புண். ஒன்றின் வயிற்றைக் கீறினால் காற்றுப் பைக்குள் கறுப்பாகப் புழு நெளிந்தது.

தகவல் சொன்னவன் இறால் பண்ணை மேஸ்திரி முருகையன். மீன் டாக்டரம்மா சோதனைக்கு வருகிறார், சீக்கு இருப்பது தெரிந்தால் உப்பங்கழியில் இனி எவனும் வலை போட முடியாது என்று காதோடு காதாகச் சொன்னான். எரிக்கக் கிருஷ்ணாயிலும் அவனே கொண்டுவந்து கொடுத்தான். சுனாமியில் கட்டுமரம் போனதிலிருந்து திரௌபதி வீட்டில் உலை கொதிப்பதே அந்தக் கழியால்தான்.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் மீன் டாக்டர் சங்கீதா மேடம் மூக்கைச் சுளித்தார். “என்னம்மா கருகல் வாசனை?”

“கருவாடு சுட்டேங்க. பேச்சு வாக்குல அடுப்ப மறந்துட்டேன்.”

பலராமன் தன் கால் மண்ணைத் தட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

நல்லதாகப் பொறுக்கி அண்டாவில் விட்டிருந்த ஏழு விலாங்கையும் மேடம் ஒவ்வொன்றாக எடுத்துக் கீறினார். செவுளைப் பார்த்தார், காற்றுப் பையைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஆறாவதன் விலாவில் சிவப்பாக ஏதோ தெரிய, திரௌபதி ஓரடி கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

மேடம் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலை அறுத்த காயம்தான் என்று சலிப்பாகச் சொல்லிக் கீழே போட்டார். ஏழாவதும் சுத்தம்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே, புண்ணு வந்த மீன் ஒன்றுகூடவா சிக்கவில்லை என்று மூன்றாம் தடவையாகக் கேட்டார்.

“கொலசாமி மேல சத்தியமா இல்லீங்க மேடம்.”

மேடம் பெருமூச்சு விட்டார். ‘நோய் அறிகுறி இல்லை’ என்று எழுதி, பலராமனிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அப்போதுதான் திரௌபதிக்குப் போன உயிர் திரும்பியது. கிட்டே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே எங்களக் கழியில எறங்கக் கூடாதுன்னு சொல்ல மாட்டீங்கல்ல?”

மேடம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “உங்கள எதுக்கும்மா சொல்லப் போறேன்? எறால் பண்ணைக் கழிவாலதான் மீனுக்குச் சீக்கு வருதுன்னு பக்கத்துக் குப்பத்து ஜனங்க கேஸ் போட்டிருக்காங்க. நாளைக்குத் தீர்ப்பு.”

வண்டி நகர, மேடம் வெளியே எட்டிச் சொன்னார்.

“ஒரே ஒரு சீக்கு வெலாங்கு கெடைச்சிருந்தா, அந்தப் பண்ணைய மூடியிருக்கலாம்.”