பத்தாம் மாத நாடகம்

மேலாளர் புதிய பருவத்துக்கான நாடகப் பட்டியலை ஒட்டியதும், நாடக அரங்கின் கூரையே பெயர்ந்து பறக்கும்படி கூச்சல். பதினோரு வருடமாக ரசிகர்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டுக் கெஞ்சிய அரசி நாடகம் ஒருவழியாக வந்துவிட்டது. “தலையை அடமானம் வச்சாவது முதல் வரிசையில உக்காருவேன்!” என்கிறார் தபால்காரர், அவருக்கு முன்னால் அவர் தொந்தி குதிக்கிறது. வழக்கம்போல, சிறந்த நாடகத்தைப் பருவத்தின் முடிவுக்கு, இன்றிலிருந்து பத்தாம் மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். கூட்டத்தில் நிற்கும் அக்கா தங்கையில், அக்காவின் உயிருக்கு மருத்துவர் சொன்ன கெடு ஆறு மாதம். கண்ணாடிக் கதவு வழியே சாயும் மாலை வெயிலில் நின்று தங்கை விரல்விட்டு எண்ணுகிறாள். எத்தனை முறை எண்ணினாலும் நான்கு மாதம் இடிக்கிறது. அக்காவோ, தோள்பை நழுவுவதுகூடத் தெரியாமல், பத்துப் பேர் பலத்தோடு கைதட்டுகிறாள். “ஏண்டி மரமாட்டம் நிக்கிறே? பாக்கப் போறவ நீதானே, தட்டுடி!”