கட்டைப் பெடல்

ஓவியக் கண்காட்சிக்கு வந்த சனம் கையில் தின்னக் கொடுத்த பற்றிஸோடு நிற்கிறது. இடிந்த கடைத்தெருவைக் கீறிய படத்துக்கு முன்னால் நின்று வாய் துடைக்கிறது. இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் சனத்துக்குப் பசி வருகிறது.

கிழவர் தின்னவில்லை. படத்துக்குக் கிட்டப் போனார்.

யாழ்ப்பாணம், குண்டு விழுந்த மறுநாள் என்று கீழே எழுதியிருக்கிறது. கீறியவர் செத்துப்போனார். பக்கத்துக் கதிரையில் இருப்பது அந்த ஓவியரின் மகள்.

கூரை போன துணிக்கடை. அதை ஒட்டிக் கற்குவியல்.

குவியலுக்கு முன்னால் ஒரு சைக்கிள்.

பொம்பிளைச் சைக்கிள். ஸ்ராண்ட் போட்டுப் பூட்டி நிற்கிறது.

இடது பெடல் மரக்கட்டை.

அந்த நாளில் சைக்கிள் சாமான் எங்கே கிடைத்தது? மகள் வதனியின் பெடல் உடைந்தபோது பூவரசங்கட்டையைக் கிழவரே செதுக்கிப் போட்டார்.

“எல்லாரும் சிரிப்பினம் அப்பா” என்றாள் வதனி. பிறகு தன்னுடைய சிவப்பு நகக் கியூட்டெக்ஸை எடுத்துக் கட்டை முழுக்கப் பூசினாள். அடுத்த நாள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்கு அதில்தான் போனாள்.

வரவில்லை.

குண்டு விழ முன்னமே அவள் கடைத்தெருவைத் தாண்டிக் கிழக்கே போனதைக் கண்டதாக அறிமுகமான ஒருவன் சொன்னான். சைக்கிளில்தான் போனாளாம்.

முப்பத்து நாலு வருசம். அவர் வீட்டுப் படலையைப் பூட்டியதில்லை.

“பிள்ளை, இந்தச் சைக்கிளை உங்கட அப்பா வடிவுக்குத்தானே வைச்சவர்?”

“இல்லை ஐயா. கண்டதைத்தான் கீறினவர். கூட ஒண்டும் போடமாட்டார்.”

“எல்லாற்ற மகள்மாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

வானத்துக்கு மஞ்சள் பூசி வைத்திருக்கிறான் கீறினவன். மஞ்சள் வானத்தை யார் கண்டது? இவனை நம்பச் சொல்கிறார்கள். கட்டைப் பெடலும் ஊரில் எத்தனையோ பேர் போட்டார்கள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

கட்டையின் ஓரத்தில், புழுதி மூடாத இடத்தில், சிவப்பு. நெல்மணி அளவு.

பின்னால் நின்றவர்கள் அவரை விலத்திப் போனார்கள்.

“இதில சிவப்புத் தெறிச்சிருக்கு” என்றார் அந்தப் பெண்ணிடம். “கை தவறிப்போச்சுது போல. அப்பாவுக்குக் கடைசியில கண் தெரியேல்லையோ?”

அவள் எழுந்து வந்து பார்ப்பதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

செருப்பைத் தேடி மாட்டினார். கால் மாறிப் போட்டு, கழற்றித் திரும்பப் போட்டார்.

கெதியாகப் போக வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லை. வதனி வருகிற நேரம் ஆளில்லாமல் இருக்கக் கூடாது.