வேலை தெரிஞ்சவன் கை

"சாவியை நல்லாத் திருப்புடா! கையில வலு இல்லையா?"

மகன் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான். செல்ஃப் நன்றாகவே எடுத்தது. ஷெட்டின் தகரக் கூரை அதிரும்படி இன்ஜின் கர்கர்ரென்று சுற்றியது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை.

"பேட்டரிக்கு ஒண்ணும் கேடில்ல. அப்புறம் என்ன கொள்ளை இதுக்கு?" பானெட்டுக்குள் தலையை விட்டபடியே அப்பா உறுமினார்.

உருண்டை விளக்கும் பருத்த முதுகுமாக நின்ற அந்தக் கார் மகனைவிட மூத்தது. அப்பா, லைசென்ஸ் கேட்டு வருபவர்களை ஓட்டச் சொல்லிச் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று பெற்ற மகனையே ஃபெயில் போட்ட மனிதர்.

"அப்பா, தங்கச்சி வர்ற ட்ரெயினுக்கு நேரமாச்சு. டாக்சி சொல்லிடறேன்."

"என் பொண்ணை ஸ்டேஷன்ல இருந்து நான்தான் கூட்டிட்டு வருவேன். கண்டவன் வண்டியில அவ எதுக்கு வரணும்?"

கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கி ஒரு பாட்டிலுக்குள் விட்டார். மகன் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. பாட்டிலை மூடித் தூரமாக வைத்துவிட்டு, குழாயை மாட்டினார். ஒரு பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் படும்படி வைத்து, மறுபடி திருப்பச் சொன்னார். ஒரு துளி பொறிகூட வரவில்லை.

"ஸ்க்ரூடிரைவர் எங்க? எடுத்த சாமானை எடுத்த இடத்துல வைக்க இந்த வீட்ல ஒருத்தருக்கும் துப்பில்ல!"

ஷெட் வாசலில் நின்றிருந்த அம்மா, "உங்க இடது கையிலதாங்க இருக்கு" என்றாள்.

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று அவள்மேலும் எரிந்து விழுந்தார்.

இக்னிஷன் காயிலிலிருந்து வரும் தடித்த வயரை இழுத்து இன்ஜினுக்கு அருகில் பிடித்தார். பட்பட்டென்று நீலப் பொறி பறந்தது. "இதுவரைக்கும் கரண்ட் வருது. பிளக்குக்குப் போகல. நடுவுலதான் கோளாறு" என்றபடி டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியை நெம்பித் திறந்தார்.

உள்ளே பார்த்தவரின் முகம் ரத்தமாய்ச் சிவந்தது. சுழன்று சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கிற ரோட்டர் அங்கே இல்லை. கட்டைவிரல் அளவுத் துண்டுதான். அது இல்லாமல் கார் வெறும் தகரம்.

"தானா எங்கயும் விழுந்திருக்காது. மூடியைத் திறந்து, உருவிட்டு, பழையபடி பூட்டி வெச்சிருக்கான். ஒரு கீறல் இல்ல. வேலை தெரிஞ்சவன் கை!" மகன் பக்கம் திரும்பினார். "எவனைக் கூட்டிட்டு வந்து கழட்டினே?"

"நானா?" மகன் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினான். "வித்துடலாம்னு சொன்னேன். உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன். திருட்டுத்தனம் பண்ற ஆளா நான்? எனக்கு பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாது!"

"உனக்குத் தெரியாது. தெரு முனை மெக்கானிக்குக்குத் தெரியுமில்ல?"

நின்ற நிலையிலேயே மெக்கானிக்குக்குப் போன் போட்டார். எடுத்த எடுப்பில் வாய்க்கு வந்தபடி திட்டினார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மெக்கானிக்கும் குரலை உயர்த்தினான். அது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"நிறுத்துங்க ஐயா! அந்த வண்டியில என்னை என்னிக்காவது கை வைக்க விட்டிருக்கீங்களா? ஒரு ஸ்க்ரூ முடுக்க விட்டதுண்டா? இதுல நான் எங்க இருந்து கழட்டுறது?"

போனை மேசைமேல் விட்டெறிந்தார். "எல்லாரும் கூட்டுக் களவாணிங்க! நேரா போலீசுக்குத்தான் போகப் போறேன். முதல்ல உன் பேரைத்தான் சொல்லுவேன்."

"தாராளமா சொல்லுங்க!" மகனுக்குக் குரல் உடைந்தது. "இத்தனை வருஷம் உங்க கூட இருந்ததுக்கு இதுதான் மரியாதைன்னா, இனிமே இந்த வீட்டு வாசப்படியை மிதிக்கல. போதுமா?"

அவன் விடுவிடுவென்று கேட்டை நோக்கி நடந்தான். அம்மா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். போகவிட்டால் திரும்பி வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அப்பனைப் போலத்தான் பிள்ளையும்.

"அவனை விடுங்க" என்றாள். "அந்தச் சாமான் என்கிட்டதான் இருக்கு."

அப்பா ஒரே எட்டில் வந்து கையை நீட்டினார்.

"நீயா? கூடவே இருந்துகிட்டு எனக்கே குழி பறிச்சியா? கொண்டா இங்க!"

அவள் மூடிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "தர மாட்டேன்."

"கொடுடின்னா! யார் பேச்சைக் கேட்டு இந்த ஆட்டம் ஆடறே?"

அவள் மகனை ஒருமுறை பார்த்தாள். அவனுக்கு எதிரில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வாரம் கடைக்குப் போயிட்டு வரும்போது, நம்ம தெரு முனையில வண்டியை நிறுத்திட்டு, வீடு எந்தப் பக்கம்னு என்னைக் கேட்டீங்க."

"நானா?" நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது. "நான் எதுக்குக் கேக்கப் போறேன்?"

"வீட்டுக்கு வந்ததும் நீங்களே கழட்டினீங்க. 'நான் எவ்வளவு கத்தினாலும் இதைக் கொடுத்துடாதே'ன்னு என் கையில வெச்சு மூடினது நீங்கதாங்க."