வளைவின் இரண்டு மூலைகள்

மூன்றாவது தாளையும் அவன் கசக்கிப் போட்டான்.

சிமெண்டில் அவன் எடுத்த வளைவு நன்றாகவே வந்திருந்தது. புதுப் பள்ளிவாசலில் இமாம் நின்று தொழவைக்கும் மாடத்தின் முகப்பு அது. பார்க்க வருகிறவர்கள் அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் போவதில்லை.

அதன் மேலே இரண்டு பக்கமும் மிஞ்சி நிற்கும் மூலைகள்தான் அவனுக்குப் பிடிபடவில்லை.

ஒரு விளிம்பு நேராக எழும். இன்னொன்று நேராகப் படுக்கும். மூன்றாவது மட்டும் வளைவோடு குழைந்து இறங்கும். அதற்குள் எந்தப் பூவை வைத்தாலும் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதுபோல இருந்தது.

திறப்புக்குப் பன்னிரண்டு நாள்தான்.

"மூலை ரெண்டும் மொட்டையா நிக்கி மசூது பாய். என்னமாச்சும் செய்யுங்க," என்று காலையில் தலைவர் ஹாஜியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ருகையா தேநீரை அவன் பக்கத்தில் வைத்தாள். கசங்கிய தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

கல்யாணமாகி எட்டு மாதம். இருவருக்குமே இரண்டாவது. அவனுடைய முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். இவளை முதல் கணவன் தலாக் சொல்லி அனுப்பியிருந்தான். பேருந்தில் பக்கத்து இருக்கை கிடைத்தவர்கள்போல இன்னும் பார்த்துப் பார்த்துத்தான் பேசிக்கொண்டார்கள்.

"கொடி நடுவுல இருந்து தொடங்கக் கூடாது," என்றாள்.

உடனே தாளைக் கீழே வைத்தாள். "தெரியாமச் சொல்லிட்டேன்."

"இல்ல. சொல்லு."

"ஒடுங்குற முனையில இருந்து வரணும். எடம் கெடைக்கக் கெடைக்க இலைய விரிக்கணும். அப்பத்தான் அது அங்கயே மொளச்ச மாதிரி இருக்கும்."

அவன் பென்சிலை நீட்டினான்.

"தாள்ல எனக்கு வராது."

கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடப் போகிறவள் அவள். இந்த எட்டு மாதத்தில் வீட்டுக்குள் ஒரு மருதாணிக் கோனைக்கூட அவன் பார்த்ததில்லை. வேலை முடிந்த இடத்திலேயே கையைக் கழுவிவிட்டுத்தான் வருவாள். முதல் கணவன் வீட்டில் ஒருநாள் அவளுடைய கோன்களை எல்லாம் சாக்கடையில் கொட்டியிருந்தார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். அவள் சொன்னதில்லை.

அவன் தன் வலது கையைத் தரையில் விரித்து வைத்தான்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரு வளைவு. அதன் மேலே ஒரு மூலை.

அவள் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், பெட்டியின் அடியிலிருந்து ஒரு கோனை எடுத்து வந்தாள்.

சிமெண்ட் தின்ற கை. வெடிப்புகளைத் தாண்டித் தாண்டிக் கோடு போனது. கட்டைவிரல் ஓரத்தில் மெல்லிசாய்த் தொடங்கி, ஓர் இலை, இரண்டு இலை, அகன்ற இடத்தில் ஒரு பூ. அங்கிருந்து ஒரு சுருள் மட்டும் விரலை நோக்கிப் போய் நின்றது.

முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"யா அல்லா. ஆம்பளக் கையில போய்... கழுவிருங்க. சட்டுனு கழுவிருங்க."

சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

அவன் கையை விலக்கிக்கொண்டான். அது காயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கை நன்றாகச் சிவந்திருந்தது.

"என்ன பாய், மறுபடியும் மாப்பிள்ளையா?" என்று சாரத்தின் மேலிருந்து ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, அளவுகோலை எடுத்துத் தன் கையை அளக்க ஆரம்பித்தான்.

வலது மூலை முடிய மூன்று நாள் ஆயிற்று.

ஹாஜியாரும் கமிட்டிக்காரர்களும் வந்தார்கள். ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து நின்றார். அடிமுனையில் கிளம்பிய கொடி வளைவின் தோளைத் தொட்டுக்கொண்டே ஏறிப்போயிருந்தது.

"இது யாரு வரைஞ்சது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வேலை அவனுடையதுதானே.

"எங்க வீட்ல, ருகையா வரைஞ்சது."

பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் அவனுடைய கையைப் பார்த்தார்.

ஹாஜியார் கொடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெறப்புக்கு மொத நாளு பொம்பளையாளுக வந்து பாக்கட்டும்னு விடுறோம்லா. ஒங்க வீட்டம்மாவ எல்லாருக்கும் முன்னாடி கூட்டிட்டு வாங்க, பாய்."

அன்று அவன் வெயில் இறங்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். அவள் கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான்.

"எம் பேரச் சொல்லியா சொன்னீங்க?"

"ஆமா."

"அத்தன பேரு முன்னாடி?"

"ஆமா."

"ஹாஜியார் என்ன சொன்னாவ?"

அதையும் சொன்னான்.

அவள் மடித்த சட்டையைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். மறுபடி பிரித்தாள். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. தோள் மட்டும் லேசாக அசைந்தது.

அவன் போய்க் கைகால் கழுவி வந்தான். அவளுக்கு எதிரே உட்கார்ந்து இடது கையை விரித்து வைத்தான்.

"இன்னொரு மூலை இருக்குல்லா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அத ஒரு தாள்ல எடுத்துத் திருப்பிப் போட்டா அப்படியே வந்துருமே. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும்."

கை அங்கேயே இருந்தது.

அவள் மடியிலிருந்த துணிகளை ஒருபுறம் தள்ளி வைத்தாள். ஒரு புதுக் கோனை எடுத்து வந்து, அதன் நுனியைக் கத்தரித்தாள்.