ஏழாம் நம்பர் நாற்காலி

"இவங்கதானாப்பா அது?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல், மகேஸ்வரனின் மகள் லோஷினி அடுப்படிக்குள் போய்விட்டாள். முறுக்கு டப்பாவைக் கையில் ஏந்தியபடி வாசுகி வாசலிலேயே நின்றாள். நன்றி சொல்ல வருவதாகத்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை மகள் மோப்பம் பிடித்துவிட்டாள் போலிருந்தது.

"உள்ள வாம்மா. ஸ்கூடாய்லேருந்து ரெண்டு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்துட்டு வெளிய நிக்கிறியே," என்றார் மகேஸ்வரன்.

அவர் பதினொரு வருடமாக ஸ்கூடாய் டயாலிசிஸ் நிலையத்தில் ஏழாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டவர். வாசுகியின் கணவன் ரூபேந்திரனுக்கும் இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயிருந்தன. ஆனால் அங்கே அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. எட்டு மாதமாக வாரம் மூன்று முறை அவனை ஒரு மணி நேரம் தள்ளியிருந்த யோங் பெங் வரை காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள் அவள்.

ஒருமுறை வெள்ளம் சாலையை மறித்துவிட்டது. ஒரே ஒரு நாள் தவறியதற்கே மூச்சு முட்டி அவசரப் பிரிவில் கிடந்தான் ரூபேந்திரன். அதிலிருந்து, "போதும் வாசுகி, இந்த அலைச்சல் என்னால முடியாது, நிறுத்திடலாம்" என்பதே அவனுடைய பேச்சாகிவிட்டது.

இந்தத் திங்கட்கிழமைதான் ஸ்கூடாய் சிஸ்டர் கூப்பிட்டார். ஏழாம் நம்பர் அங்கிள் தீபாவளிக்காக மெர்சிங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு அந்த இடத்தை வாசுகியின் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும்படி அவரே சொல்லிவிட்டுப் போனார் என்றார்.

வீட்டிலிருந்து பத்தே நிமிடம். செவ்வாயும் வியாழனும் ரூபேந்திரன் அலுப்பில்லாமல் போய்வந்தான். இரண்டு வாரம் முடிந்து மறுபடியும் யோங் பெங் என்றால் அவன் காரில் ஏறப்போவதில்லை. அது வாசுகிக்குத் தெரியும்.

"வீட்டுக்காரரு எப்படி இருக்காரு?"

"நேத்து அவராவே பசிக்குதுன்னு கேட்டாரு அங்கிள். ரசமும் பொரிச்ச கெம்போங் மீனும். ரெண்டு தடவ சோறு வாங்கினாரு."

"ரெண்டு தடவையா?" மகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார், தானே சாப்பிட்டதைப் போல. "அப்ப உன் சமையலும் அவ்வளவு மோசமில்ல லா."

லோஷினி இரண்டு இளநீரை வெட்டிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். வாசுகியின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள். மகேஸ்வரன் தம்முடையதை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

வாசுகிக்குத் திக்கென்றது. வீட்டில் தண்ணீரையே கோப்பையில் அளந்து கொடுப்பவள் அவள். இளநீரை, சிறுநீரகம் நின்றவனின் இதயத்துக்கே ஆபத்தென்று, வாசல்படி தாண்ட விட்டதில்லை.

"அங்கிள், இது நமக்கு ஆகவே ஆகாதே. இங்க சிஸ்டருங்க திட்டமாட்டாங்களா?"

"ஸ்கூடாய்ல மாதிரி கடிச்சுக் கொதற இங்க ஆளு கெடையாதும்மா." அவர் சிரித்தார். "நல்ல ஊரு. நான் பொறந்த ஊரு. மழ தொடங்கிட்டதால தீவுக்குப் போற படகெல்லாம் நின்னுபோச்சு. கடல் சத்தம் மட்டுந்தான். காலையில எந்திரிச்சா அவசரமா எங்கயும் ஓட வேண்டியதில்ல."

ஊர் அவருக்குப் பிடித்திருக்கிறது. வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளுக்கு அது போதுமான தைரியத்தைக் கொடுத்தது.

"கேக்கவே வெக்கமா இருக்கு அங்கிள். பெருநாள் முடிஞ்சும் நீங்க இங்கயே இருந்துட்டா... ஒங்க எடம் அவருக்கே நெலைக்கும். யோங் பெங்னா அவரு வரமாட்டேன்னுட்டாரு. எனக்கு வேற வழி தெரியல."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. லோஷினி ஈரக் கையோடு வந்து நிலையில் நின்றாள்.

"நீங்க சொல்றீங்களாப்பா, நான் சொல்லட்டா?"

மகேஸ்வரன் கையை உயர்த்தி மகளை அமர்த்தினார். வாசுகிக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. நோயாளி ஒருவரிடம் அவருடைய இடத்தையே கேட்டு வந்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது.

"மன்னிச்சிடும்மா லோஷினி. ஒங்கப்பாவோட எடத்த நான்... தப்பா ஒண்ணும்..."

"அவ கெடக்குறா, நீ உக்காரு," என்றார் அவர். ஊசிகள் குத்திக் குத்திப் புடைத்துப்போன இடக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டார். "பதினோரு வருஷம்மா. எட்டு மாசமா செவ்வாக்கெழம செவ்வாக்கெழம நீ அந்தக் கவுண்டருல வந்து நிப்ப, எடம் இல்லன்னதும் சிஸ்டருக்குத் தேங்ஸ் சொல்லிட்டுப் போவ. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நான் இனிமே ஸ்கூடாய்க்குத் திரும்பப்போறதில்ல. பெருநாளுக்குப் பேரப்புள்ளைங்களோட இருக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

வாசுகிக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்காலியிலிருந்து சரிந்து அவர் காலைத் தொட்டாள். எட்டு மாதப் பாரத்தை யாரோ இறக்கி வைத்ததைப் போலிருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும் அங்கிள். நூறு வருஷம் இருக்கணும். மெர்சிங்ல ஒங்களுக்கு எந்த நாளு கொடுத்திருக்காங்க? சிஸ்டர்கிட்ட சொல்லி ஒங்க ஃபைல இங்க அனுப்பச் சொல்றேன்."

அடுப்படி நிலையில் நின்றிருந்த லோஷினி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகேஸ்வரன் குனிந்து, வாசுகியின் தோளைப் பிடித்து மெல்லத் தூக்கினார்.

"ஃபைலெல்லாம் வேணாம்மா. போன சனிக்கெழமைக்கு அப்புறம் நான் எந்த மிஷினுக்கும் போகல."