வரிசை

எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டுத்தான் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்கிறார்கள் என நினைத்துக்கொண்டாள் பூங்குழலி. அவளுடைய கணினியில் புதுத் தோற்றத்தை ஏற்றிய கணவன் அறிவழகன், திரையில் அவள் ஆங்காங்கே வைத்திருந்த கோப்புகளையெல்லாம் ஒரே வரிசையில் அடுக்கியிருந்தான். எழுதி முடிக்காத கதையை அவள் யார் கண்ணிலும் படாமல் வலது ஓரத்தில் தனியாக வைத்திருந்தாள். இப்போது அது கேஸ் ரசீதுக்கும் அவனுடைய ரயில் டிக்கெட்டுக்கும் நடுவில் இருந்தது.

"சந்தைக்கடை மாதிரி கிடந்துச்சு. இப்ப பாரு, எவ்வளவு பளிச்சுனு இருக்கு!"

புதிய தோற்றம் பிடித்திருக்கிறதா என்று திரையும் ஒரு பெட்டியைத் திறந்து கேட்டது.

"அஞ்சு ஸ்டார் போடும்மா."

அவள் கதையை ஓரத்துக்கு இழுத்து விட்டாள். அது துள்ளி வரிசைக்கே திரும்பியது.

"அது அப்படித்தான். போகப்போகப் பழகிடுவ."

"மாட்டேங்க," என்றாள், மறுபடியும் அதை இழுத்தபடி.